எதுக்கும் இருக்கட்டும் என்று போட்ட வழி

அந்த மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவளுக்கு ‘எதுக்கும்’ என்று பட்டப்பெயர். எதைச் செய்தாலும் “எதுக்கும் இருக்கட்டும்” என்பாள். வெயில் கொளுத்தினாலும் பையில் குடை இருக்கும். கதவைப் பூட்டிவிட்டு நாலு தரம் இழுத்துப் பார்ப்பாள். அப்படியும் மனசு ஆறாது, பாவம்.

அன்று காலை அவள் அண்ணனையே ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். ஸ்கூட்டர் சறுக்கித் தலையில் அடி. ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்பதை ஊரின் மறுகோடிக் கிளையில் இருந்த நரம்பு டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். படமோ போய்ச் சேரவில்லை.

“என்னம்மா, இன்னும் போகலையாமே?” போனில் அண்ணியின் குரல் உடைந்தது.

“இதோ அண்ணி, அதத்தான் பாத்துட்டிருக்கேன்.”

மெயின் லைனைச் சோதித்தாள். அது நன்றாகத்தான் இருந்தது. கிளைக்குப் போகும் பாதையைப் படிப்படியாகக் காட்டச் சொன்னாள். மெயின் லைன் பக்கமே தலைவைக்காமல் அது பழைய கட்டடத்துக்குத் திரும்பி, அங்கேயே நின்றுபோனது. பழைய கட்டடத்தில் ஏதோ ரிப்பேர் என்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை.

அந்தப் பக்கம் போகச் சொன்னது யார்? எந்த இடத்துக்கு எந்த வழி என்று ரூட்டர் பார்த்துப் போகும் ரூட்டிங் டேபிளைத் திறந்தாள். சாட்சாத் அவளேதான். மெயின் லைன் படுத்துவிட்டால் உதவட்டும் என்று பழைய கட்டடம் வழியாக முந்தின நாள் கையால் எழுதிய ஸ்டேட்டிக் ரூட், அதாவது நிலையான வழி. ஒவ்வொரு வழிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு; மாற்றுவழிக்குப் பெரிய எண்ணாகக் கொடுக்க வேண்டும். எண் சிறியதாக இருந்தால்தான் ரூட்டருக்கு நம்பிக்கை அதிகம். எண்ணே கொடுக்காவிட்டால் கையால் எழுதிய வழிக்கே முதல் மரியாதை. பழைய கட்டடத்துக்குக் கேபிள் கிளம்பும் பக்கத்து அறைப் பெட்டி உயிரோடு இருந்ததால், அதற்கு அப்பால் வழி செத்துக் கிடப்பதும் ரூட்டருக்குத் தெரியவில்லை. குடையை மறக்காத மகராசி, அந்த எண்ணை மறந்திருந்தாள்.

மேலதிகாரியைப் போனில் பிடித்தாள். “சார், நேத்து போட்டத எடுத்துடவா?”

“எடு.”

“எடுத்து, எல்லாமே படுத்துட்டா?”

“இப்ப மட்டும் ஓடுதா என்ன? எடும்மா!”

எதையும் சேர்த்து வைத்தே பழகியவளுக்கு ஒன்றை எடுப்பதென்றால் உயிர் போகும். அந்த வரியை அழித்தாள். பாதையை மறுபடி காட்டச் சொன்னாள்; இந்தத் தரம் அது மெயின் லைனிலேயே கிளைக்குப் போய்ச் சேர்ந்தது.

போன் அடித்தது. அண்ணிதான். “டாக்டர் படத்தப் பாத்துட்டாராம். இப்பவே ஆபரேஷனாம். உள்ள கொண்டுபோறாங்க, ஓடி வா!”

அறைக் கதவைப் பூட்டினாள், இழுத்துப் பார்க்காமலே ஓடினாள். தியேட்டர் கதவு மூடுவதற்குள் போர்வைக்கு வெளியே தெரிந்த அண்ணனின் காலை ஒரு தரம் தொட முடிந்தது. அண்ணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணும் ஆகாதுல்ல?”

எதற்கும் ஒரு மாற்றுவழி வைத்திருப்பவளிடம் இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.