கரையில் நின்றவள்

அந்த ஜூன் மாதக் காலையில் எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நான் உதவியாளராக வேலை செய்யும் பாலர் பள்ளியின் ஐந்து வயதுப் பிள்ளைகளை, நாங்கள் இருக்கும் அம்மருட்டுக் குடியிருப்புக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் ஏரிக்குக் கூட்டிப் போயிருந்தோம். கரைப் பாறையில் நின்ற ஒரு சிறுமி வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தாள். அவளுக்கு மிக அருகில் நின்றது நான்தான். ஆறேழு அடி இருக்கும். என் கால்கள் அசையவில்லை. எனக்குப் பின்னால் எங்கோ நின்ற சக ஊழியர், வடக்கு நோர்வேயிலிருந்து வந்த பெரிய உடம்புக்காரர், காலில் போட்ட சப்பாத்தோடு பாய்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிறுமி இருமினாள், அழுதாள், பிறகு காய்ந்த காலுறை கேட்டாள்.

என் கையில் ஒரு துவாய் இருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று இன்றும் தெரியாது. பின்னேரம் பள்ளிப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, பதறாமல் துவாயோடு தயாராக நின்றதற்கு நன்றி சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவேன். உடுப்பு மடிக்கத் தொடங்கி, விட்டுவிட்டு யன்னலடிக்குப் போவேன்.

"என்னப்பா, ஏன் இப்பிடி நிலைகொள்ளாமல் திரியிறீர்?" என்று கணவர் கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன்.

"அதுக்கு நீர் என்ன செய்யிறது? உமக்குத்தான் நீச்சல் வராதே. அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம்தானே."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். சின்ன வயதில் அப்பாவும் இதையேதான் சொன்னார். ஊர்க் கடலில் அக்கா ஒரே நாளில் மிதக்கப் பழகிவிட்டாள். நான் உப்புத் தண்ணீர் குடித்து அலறினேன். "இவளுக்கு வராது" என்றார் அப்பா, என் உயரத்தைச் சொல்வது போல. வசதியான சொல் அது. வருவதென்றால் தானாக வரும்; வராவிட்டால் யார்மேலும் பிழையில்லை. அந்தச் சொல்லோடு நாற்பத்தொரு வயது வரை நான் சுகமாகத்தான் இருந்தேன்.

ஓகஸ்டில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் பதிந்தேன். முதல் நாளே ஓடிவரப் பார்த்தேன். பழக்க வந்தவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. இங்கேயே பிறந்த பல்கலைக்கழக மாணவி, இருபத்திரண்டு வயதிருக்கும். நீச்சலுடையில் அவள் முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றபோது, ஊரிலுள்ள தமிழ்ச் சனம் முழுவதும் என்னைப் பார்ப்பது போலிருந்தது.

"அன்ரி, மூச்சைப் பிடிச்சு வைச்சிருக்கிறீங்கள். தண்ணிக்குள்ளை வெளியிலை விடுங்கோ."

விட்டால் செத்துப்போவேன் என்று நினைத்தேன். மூன்று கிழமை அப்படியே போனது. நான்காவது கிழமை, குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்தபடி சொன்னேன்: "பிள்ளை, எனக்கு இது வராது. நீர் இஞ்சை பிறந்தனீர். உமக்குத் தானா வந்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. விளிம்பில் வந்து குந்தினாள்.

"தானாவோ? அஞ்சாம் வகுப்பிலை ஸ்வொம்மிங் பாடத்திலை நான் ஒராள்தான் பாஸ் பண்ணேல்லை. எல்லாரும் நீந்தேக்கை நான் சின்னப் பிள்ளையளின்ரை குளத்திலை நிண்டனான். பிறகு அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டிக்கொண்டு வந்தவ. ரெண்டு வருசம். அவவுக்கும் நீந்தத் தெரியாது. அந்தச் சுவரோர வாங்கிலை குந்தியிருந்து பாத்துக்கொண்டிருப்பா."

கேட்டதும் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. அவள் என் ஒரே சாக்குப்போக்கைப் பறித்துவிட்டாள். இவளுக்கு இரண்டு வருடம் என்றால் எனக்கு எவ்வளவு காலம்? முடியாது என்று சொல்லி வீட்டில் இருக்கும் நிம்மதியும் இனி இல்லை.

பனிக்காலம் தொடங்கியது. கிழமையில் மூன்று நாள், வேலைக்கு முன் நீச்சல் குளத்துக்குப் போனேன். கம்பளித் தொப்பிக்கு வெளியே தெரியும் ஈரமயிர், சுரங்க ரயில் வருவதற்குள் ஈர்க்குப் போல விறைத்துவிடும். ஒரு நாள் முழு நீளம் நீந்துவேன். அடுத்த நாள் பாதியில் தண்ணீர் குடித்து நிற்பேன். முதல் நாள் வந்தது எங்கே போனது என்று கோபம் கோபமாக வரும்.

ஜனவரியில், பிள்ளைகளோடு தண்ணீருக்குப் போகும் ஊழியர்களுக்கான உயிர்காப்புப் பரீட்சை. இருநூறு மீற்றர் நீந்த வேண்டும். பிறகு ஆழத்தில் கிடக்கும் பொம்மையை எடுத்துக் கரைக்கு இழுத்து வரவேண்டும். நீந்தி முடித்தேன். பொம்மைக்காக இறங்கினேன். பாதி ஆழத்தில் காதுக்குள் ஊசி ஏற்றுவது போல வலி. வெறுங்கையோடு மேலே வந்தேன். அதே நேரம் வடக்கு நோர்வேக்காரர் தன் பொம்மையைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்.

"காணும், விடும்," என்றார் கணவர். விட்டிருப்பேன். ஆனால் வகுப்புக்குக் காசு கட்டியாயிற்று என்று சொல்லிக்கொண்டு அடுத்த கிழமையும் போய், நடந்ததைப் பழக்குபவளிடம் சொன்னேன்.

"காது குத்தினதோ? மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்ல ஊதுங்கோ, அன்ரி. கொஞ்சம் இறங்கினதும் ஒருக்கா. பிறகும் ஒருக்கா."

அவ்வளவுதான். காது திறந்தது. குளத்தின் அடித்தள ஓடுகளை என் விரல் தொட்டது. அப்பாவும் கணவரும் நானும் இத்தனை காலம் ஒரே சொல்லாகக் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே இருந்தவை சில்லறைச் சங்கதிகள்: விடாத மூச்சு, ஊதாத காது, உதைக்கும்போது விறைத்த கணுக்கால். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருந்தது. ஒவ்வொன்றும் சலிப்பூட்டுமளவு நேரம் எடுத்தது.

ஏப்ரலில் இரண்டாம் முறை பரீட்சைக்கு இறங்கி, பொம்மையோடு மேலே வந்தேன். சான்றிதழைக் கொடுக்கப் போனபோது, அன்றைக்கு நான் தயாராக நிற்கவில்லை, உறைந்துதான் நின்றேன் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் சான்றிதழைக் கோப்பில் வைத்தார். பிறகு ஏரிக்குப் போகும் நாள்களின் பட்டியலை எடுத்து, என் பெயரை எழுதினார்.

இன்றும் நான் அழகாக நீந்துவதில்லை. வடக்கு நோர்வேக்காரர் பத்து வீச்சில் கடப்பதை நான் இருபதில் கடப்பேன். அது பரவாயில்லை. வேறொன்றுதான் என்னை இருக்கவிடுவதில்லை. நோர்வே மொழியில் எழுத்துப் பரீட்சை எழுதினால் உதவியாளர் என்ற நிலையிலிருந்து ஒரு படி ஏறலாம் என்று பத்து வருடமாகச் சொல்கிறார்கள். எழுத்து எனக்குச் சரிவராது என்று பத்து வருடமாகச் சிரித்து மழுப்பியிருக்கிறேன். போன மாதம் அதற்கான வகுப்பில் பதிந்தேன். முதல் கட்டுரை திரும்பி வந்துவிட்டது, பக்கம் முழுக்கச் சிவப்பு. சமையலறை மேசையில் அதை விரித்து வைத்திருக்கிறேன். இருந்து பார்க்கிறேன், எழும்பி நடக்கிறேன், திரும்ப வந்து முதல் வரியை மாற்றி எழுதுகிறேன்.