மொட்டு உதிர்ந்த வீட்டில் பிலோமினா அக்கா

வியாழக்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பிலோமினா அக்காவின் தம்பி ஆரோக்கியம் அழைத்தார். "அக்கா போய்ட்டாங்கமா" என்றார். தீக்காயப் பிரிவில் ஆறு நாள் போராடிய உயிர். பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் எழுதித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. 'ஒரகடம் ரோட்டு வீட்டில் எரிந்துபோன பெண்மணி' என்று மட்டும் கேள்விப்பட்டவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஒப்புக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

பென்னலூரில் பிறந்தவர். கார்களுக்கான ஒயரிங் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் கடைசி மேசை அவருடையது. செக்கிங். அவர் பார்த்து விடாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பாஸ் ஆனவன் எவனும் வரல" என்பார். ஏழு வருடங்களுக்கு முன் நான் விருதுநகர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்தபோது, அவர் குடியிருந்த வீட்டிலேயே எதிர் அறை எனக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்காரரின் அடுப்பு ரிப்பேர் கடை. மேலே இரண்டு மாடிகளிலும் எங்களைப் போன்ற பெண்கள்.

வெளிநாட்டு டைரக்டர் ஒருவர் வந்துபோன விழாவில் மேடையோரம் ஆர்கிட் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் பூ கொட்டியதும் அவை குப்பைக்குப் போயின. அக்கா இரண்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். எல்லோரும் சிரித்தார்கள். "பூ கொட்டிட்டா செத்துப்போச்சுன்னு அர்த்தமா? வேர பாரு, பச்சையா கீது" என்றார்.

அவர் அறையில் ஜன்னல் என்று ஒன்று இருந்தது. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கையில் இடிக்கும். அதனால் இரும்பு ரேக் ஒன்றை வாங்கி, தட்டுக்குத் தட்டு எல்இடி டியூப் லைட் மாட்டி, டைமர் வைத்தார். மதியம் பன்னிரண்டுக்கு எரியும், நள்ளிரவில் அணையும். மண் கிடையாது; அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டுகளும்தான். இரண்டே வருடத்தில் இருபதுக்கு மேல் தொட்டிகள் சேர்ந்தன. வெள்ளையும் ஊதாவுமாக, வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரிப் பூக்கள். "இதுங்களுக்கு சூரியன் யாருன்னே தெரியாது செல்வி" என்று ஒருநாள் சொன்னார். ஏனோ எனக்கு அது நல்ல பேச்சாகப் படவில்லை.

கொரோனா வந்துபோனதிலிருந்து அவருக்கு வாசனை தெரியாது. குழம்பு அடிப்பிடித்தால் நான்தான் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

இந்தச் சித்திரையில் மொட்டுகள் உதிர ஆரம்பித்தன. விரியும் முன்பே மஞ்சளடித்து, கண்ணாடிபோல வெளிறி, தொட்டால் கையோடு வந்தன. அக்கா தண்ணீரை மாற்றிப் பார்த்தார். பிறகு விளக்கின் உயரத்தை. பிறகு விசிறியை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்; மேசைப் பழக்கம். கடைசியில் மொட்டு வைத்த ஒரு தொட்டியைப் பென்னலூரில் தம்பி வீட்டில் விட்டுவந்தார். அங்கே அத்தனை மொட்டும் விரிந்தன.

"செடில ஃபால்ட் இல்ல. காத்துல கீது" என்றபடி என் அறைக்கு வந்தார். "உனக்கு எதுனா வாசன வருதா?"

"கேஸ் வாசனதானக்கா. கீழ அடுப்பு ரிப்பேர் பாக்காகள்ல."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

அவர் முகம் மாறியது. நாங்கள் எல்லோரும் அந்த வாசனையில்தான் உண்டு உறங்கிக்கொண்டிருந்தோம். மூக்குக்குப் பழகிவிட்டது. மூக்கில்லாதவருக்குத்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கவனித்துப் பார்த்தார். கடையின் பின்னறையில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டர்களுக்கு கேஸ் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் பேச என்னையும் கூப்பிட்டார். நான் படியோடு நின்றுகொண்டேன்.

"பூ உதிருதுன்னு கம்ப்ளைன்ட்டா? இன்னாம்மா நீ! புடிக்கலன்னா காலி பண்ணிக்கினு போ" என்றார் அவர்.

"பூவுக்காக வரல சார். மேல பதினோரு பொண்ணுங்க தூங்குதுங்க."

வீட்டுக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அக்கா மனு எழுதினார். ஒவ்வொரு அறையாகக் கையெழுத்துக்கு வந்தார். "நமக்கெதுக்குக்கா வம்பு? பஸ் ஸ்டாப் பக்கத்துல இப்படி ரூம் அமையாது" என்றேன். மனுவை எடுத்துக்கொண்டார். "சரி" என்றார். யாரும் கையெழுத்துப் போடவில்லை. நானும் போடவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான். தன் ஒற்றைக் கையெழுத்தோடு தாலுகா ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் வந்து பார்க்கவில்லை. மொட்டுகள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

'நீங்களாவது போய்விடுங்கள்' என்று தம்பி கெஞ்சியிருக்கிறார். "நான் போய்ட்டா அந்தப் பொண்ணுங்களுக்கு யார் சொல்றது?" என்றாராம்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு மட்டும் மதிய ஷிஃப்ட். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், காலையில் நிமிர்ந்திருந்த, மிஞ்சிய பழைய பூக்களெல்லாம் சுருங்கித் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். பக்கத்து அறை தேவியை எழுப்பி முகர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். தேவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். கீழே கடை பூட்டிக் கிடந்தது. டைமர் விளக்கைப் போட இன்னும் சில நிமிடங்களே இருந்தன; கேஸ் பற்ற அந்த ஒரு பொறி போதும். இறங்கி ஓடி, தெருப்பக்கச் சுவரில் இருந்த மெயினை இறக்கிவிட்டு, மறுபடி மேலேறி ஒவ்வொரு கதவாகக் கையால் அடித்திருக்கிறார்.

"எந்திரிங்க! லைட்டு போடாத! போனத் தொடாத! செருப்பு வோணாம், வா!"

ரோட்டில் நிறுத்தி எண்ணியபோது பத்துப் பேர்தான் இருந்தார்கள்.

பகலில் தூங்கக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது என் வழக்கம். கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. கன்னத்தில் அறை விழுந்துதான் விழித்தேன். "செல்வி, வாடி." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். கடைசித் திருப்பத்தில் என்னை முன்னால் தள்ளிவிட்டார். நான் வாசலைத் தாண்டிவிட்டேன். அவர் தாண்டவில்லை. எந்தப் பொறி பற்றியது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது முதுகில் அறைந்த வெப்பமும், என்னைத் தாண்டிப் பறந்துபோன ஒரு கதவும்தான்.

மூன்றாம் நாள் அவரைப் பார்க்க என்னை அனுமதித்தார்கள். கட்டுகளுக்கு நடுவே கண்கள் மட்டும் தெரிந்தன.

"எத்தினி பேரு?"

"பதினோரு பேரும் இருக்கோம்க்கா."

கண்ணை மூடிக்கொண்டார். "நான் அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருக்கணும்க்கா" என்றேன். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "இப்போ போடு" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. பதினோரு பேரும் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம். வீட்டுக்காரர் காவலில் இருக்கிறார்.

பென்னலூர்க் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தபோது எல்லோரும் யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்கள். திரும்புகையில் பஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வீடு மாடிக் கொடியில் யூனிஃபார்ம் காய்கிறது; ஜன்னலில் போர்வை கட்டி உள்ளே யாரோ தூங்குகிறார்கள்; கீழே ஷட்டர் இறங்கியிருக்கிறது. இத்தனை நாள் இதே வழியில் போய்வந்திருக்கிறேன்.

போய் வாருங்கள், அக்கா. குன்றத்தூரில் புது அறை பார்த்திருக்கிறேன். அங்கும் கீழே ஒரு ஷட்டர். உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கடைக்காரர்களிடம் கேட்டேன். "உனக்கெதுக்குமா அதெல்லாம்?" என்றார்கள். நாளைக் காலையிலும் போய்க் கேட்பேன்.