வயிற்று நோவைச் சொல்ல ஒரு வாய் கேட்டேன்

நம்ம கோயில் அன்பியத்துச் சொந்தங்களே, நான் சொல்லப்போறது கூச்சப்படுற விஷயம். சொல்லாம மறைச்சதாலதான் அவ்வளவும் அனுபவிச்சேன். அதனால சொல்றேன்.

என் பேரு ஆரோக்கியமேரி. வீடு மூலக்குளம். தட்டாஞ்சாவடியில ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை. சக்கரை வந்து எட்டு வருஷம் ஆவுது. போன வருஷம் மாத்திரையக் கூட்டினதுலேந்து வயிறு என் பேச்சக் கேக்கல. சாப்பிட்டதும் பொருமும், இரையும், உடனே ஓடணும். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ. பஸ் ஏறவே பயம்.

தவக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. பூசையில நன்மை அப்பம் வாங்க வரிசையில நிக்கிறேன். அடக்க முடியல. புடவையோட போயிடுச்சு. அழுதுகிட்டே ஆட்டோ புடிச்சு வந்துட்டேன்.

அதோட பூசைக்குப் போறத நிறுத்திட்டேன். காலையில சாப்பிடறதையும் நிறுத்திட்டேன். மாத்திரைய மட்டும் போட்டுக்குவேன். வீட்டுக்காரர் கேட்டா, "ஒருசந்தி நோம்பு இருக்கேன்"னு பொய் சொன்னேன். டாக்டர் மாசாமாசம், "வேற தொந்தரவு இருக்காம்மா?"ன்னு கேப்பாரு. "ஒன்னுமில்ல சார்"ம்பேன். ஆம்பள டாக்டருகிட்ட இத எப்படிச் சொல்றது?

ஈஸ்டருக்கு முன்னால வர்ற பெரிய வியாழனுக்கு மொத நாள் கம்பெனியிலயே தல சுத்தி விழுந்துட்டேன். வெறும் வயித்துல மாத்திரை போட்டதுல சக்கரை எறங்கிப்போச்சு. குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்து உக்கார வெச்சாங்க. சாயந்தரம் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால முழங்கால் போட்டேன். "நோவ எடுத்துடுன்னு கேக்கல சாமி. இதச் சொல்ல ஒரு வாயக் குடு." அவ்வளவுதான் என் செபம்.

மறுநாள் ஆஸ்பத்திரி. எனக்கு முன்னால வில்லியனூர் பக்கத்து அம்மா ஒருத்தங்க, நெத்தி நெறைய குங்குமம். நர்ஸ் கேட்டதுக்கு அத்தன பேரும் கேக்க சொன்னாங்க: "சக்கரை மாத்திர போட்டா வயித்தால போவுதும்மா. நேத்து கழனியில சேலையோட போயிடுச்சு. இதுல என்ன வெக்கம்? ஒடம்புதான?"

யாரும் சிரிக்கல. என் ஆண்டவர் அந்தம்மா வாயால பேசுனாரு.

உள்ள போனதும் டாக்டருகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். பேனாவக் கீழ வெச்சாரு. "இத்தன மாசமா இதோடவா இருந்தீங்க? சொல்லியிருக்கலாமேம்மா." டெஸ்ட் எடுத்தாரு, மாத்திரைய மாத்துனாரு, கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு சாப்பிடச் சொன்னாரு. வெளிய காத்திருந்த வீட்டுக்காரருகிட்டயும் சொன்னேன். என் கையப் புடிச்சிகிட்டு அழுதுட்டாரு.

ஒரே நாள்ல சரியாவல. ரெண்டு மாசம் புடிச்சுது. இன்னமும் சில நாள் வயிறு இரையும். ஆனா மாதா திருநாளுக்கு ரெண்டு பேரும் வேளாங்கண்ணிக்கு பஸ்லயே போனோம். இட்லி சாப்பிட்டுட்டுதான் ஏறுனேன். சிதம்பரத்துல பஸ் நின்னப்ப, "பாத்ரூம் போவ எறங்குறியா மேரி?"ன்னாரு. "வேணாம், நீங்க டீ குடிச்சிட்டு வாங்க"ன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஆண்டவருக்குக் கோடி நன்றி.

உங்கள்ல யாராவது இப்படி வாய மூடிக்கிட்டு இருந்தா, இன்னைக்கே ஆண்டவருகிட்ட கேளுங்க. கேட்டுட்டு டாக்டருகிட்டயும் போய்ச் சொல்லுங்க. தனியா போவ வெக்கமா இருந்தா என்னக் கூப்பிடுங்க. நான் கூட வரேன்.