அவென்யூ ரோட்டு மாளிகையும் சாட்சிக் கண்ணாடிகளும்

1938 ஏப்ரல் 2, சனிக்கிழமை. காலை 6.40க்குச் சென்னை மெயில் பெங்களூர் சிட்டி ஸ்டேஷனை அடைந்தது. அவென்யூ ரோடு வரை ஒரு மைல். ஜட்கா வாடகை நான்கணா. 7.15க்கு மாளிகை. கீழ்த்தளம் கருங்கல், மாடித்தளம் முழுவதும் தேக்குப் பலகை. பராமரிப்பது உள்ளூர்ச் சபை ஒன்று. நான் வந்த காரணம்: ராமநவமிக் கச்சேரிக்கு மாடிக் கூடத்தில் இருநூறு பேர் அமரலாம் என்று கையெழுத்திட.

அந்தக் கையெழுத்து என் மகன் ராகவனுடையதாக இருந்திருக்க வேண்டும். இக்கட்டடத்தைச் சோதித்து, மாடி பாரம் தாங்கும் என்று அறிக்கை தந்தவன் அவன். 1936 ஆகஸ்டில் காலமானான். நானும் முப்பது ஆண்டுகள் என்ஜினீயராக இருந்தவன் என்பதால் சபையார் என்னை அழைத்தனர். அவன் சொல்லை உறுதிசெய்துவிட்டுத் திரும்ப விரும்பினேன். வேறு விருப்பம் இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்குப் பார்வையாளர்கள் வந்தனர். காவலாளி முனிசாமி, வட ஆற்காட்டுக்காரர், செருப்பைக் கழற்றச் சொல்லி, இருபது இருபது பேராக மேலே அனுப்பினார். முண்டிய ஒருவரிடம், "ஸ்வல்ப நில்லுங்க சார், சுவத்துல இருக்கற ராஜா எங்கியும் ஓடமாட்டாரு" என்றார். சுவரில் ஓர் ஊர்வலம் தீட்டப்பட்டிருக்கிறது. புகையேறி முகங்கள் அழிந்துவிட்டன. கண்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

ஐந்து மணிக்கு எல்லோரும் இறங்கிவிட்டனர். கூடத்தில் நான் தனியே நின்றேன். சற்றுப் பொறுத்து எதிர்க்கோடியில் ஒரு பலகை முனகியது. பிறகு அதற்கடுத்தது. ஓசை அடி அடியாக என்னை நோக்கி வந்தது. பாரம் நீங்கிய பலகைகள் மெல்ல நிமிரும் ஓசை அது. காரணம் தெரிந்திருந்தும் வழிவிட்டு ஒதுங்கினேன். ஓசை என்னைக் கடந்து படிக்கட்டு வரை சென்று நின்றது.

ஒதுங்கிய இடத்தில் சுவரில் ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று, இரு முனையிலும் சிமெண்டு வைத்துப் பதிக்கப்பட்டிருந்தது. இதைச் சாட்சிக் கண்ணாடி என்போம். சுவர் நகர்ந்தால் உடையும். இது உடையவில்லை. சிமெண்டில் ஆணியால் கீறியிருந்தது: கே. ஆர்., 14-1-38. என் மகனின் தலைப்பெழுத்துகள். அவன் இறந்து பதினேழு மாதங்களுக்குப் பிந்தைய தேதி.

முனிசாமியை அழைத்துக் கேட்டேன். அவர் தயங்கவில்லை.

"நான்தான் சார் எழுதினேன். உடைஞ்சா புதுசு வச்சு, இதே எழுத்தும் அன்னித் தேதியும் போட்டு, எனக்கு லெட்டர் எழுதுன்னாரு சின்ன ஐயா. நாலு வாட்டி உடைஞ்சுது. நாலு கவர் போட்டேன், மயிலாப்பூருக்கு. ஒண்ணுக்கும் பதில் காணோம்."

அவன் பெயருக்கு வரும் கடிதங்களை நான் பிரிப்பதில்லை. நூலால் கட்டி அவன் மேசையில் வைக்கிறேன். அவற்றில் பெங்களூர் முத்திரையிட்டவை நான்கு.

மாடியில் இனி எவரும் ஏறக்கூடாது, கச்சேரி முற்றத்தில் நடக்கட்டும் என்று சபைச் செயலரிடம் கூறினேன். அவர் வக்கீல். மாடியைப் பூட்டினால் இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். பிறகு, "முழுசா நிக்கற சாட்சியைச் சந்தேகப்படற ஜட்ஜை இப்பத்தான் சார் பார்க்கறேன். உங்க பிள்ளை எழுதினதையே மறுக்கறேளா?" என்றார்.

கண்ணாடி உடைந்தால் மாடியைப் பூட்டுக என்பதும் அதே அறிக்கையில் அவன் எழுதியதே, அது நான்கு முறை உடைந்திருக்கிறது என்றேன். அவர் சாவியைத் தரச் சிறிது நேரமாயிற்று. நானே பூட்டினேன்.

பெங்களூரில் செய்யாமல் விட்டு வந்தவை:

விரிசல் கண்ட சுவரில் தாங்கியிருக்கும் உத்திர முனைக்கு முட்டுக் கொடுக்கத் தச்சரை அமர்த்துவது.

ஊர்வல ஓவியத்தைப் படிக்கட்டிலிருந்தே பார்க்க வழியுண்டா என்று அளப்பது.

ராகவன் இல்லை என்பதை முனிசாமிக்குச் சொல்வது. "சின்ன ஐயா எப்ப சார் வருவாரு?" என்று அவர் கேட்டபோது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். மணி அப்போது ஐந்தே முக்கால். ரயில் ஒன்பதுக்கு.