ஆளுக்கு ஒரு காது

மூக்குக்கண்ணாடிக் கடையில் போய் ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போதும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் தி. நகரில் நான் காது மிஷின் பொருத்தும் கிளினிக்கில் தினமும் அதுதான் பேச்சு. நல்லது சொல்லிக் கெட்ட பேர் வாங்குகிற சகபாவிகளே, உங்களுக்குப் புரியும்.

மணி எந்தப் பக்கம்?

அண்ணாச்சி பாண்டி பஜார் பக்கம் துணிக்கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் திருநெல்வேலி, வீடு அசோக் நகர். இரண்டு காதும் மந்தம். ஆனால் வலது காதுக்கு மட்டும் மிஷின் போதும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒன்றை மாட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் போய்ப் பூஜை மணியை ஆட்டினேன். எங்கே நின்று ஆட்டினாலும் வலப்பக்கமே கையைக் காட்டினார்.

விளக்கினேன். இடப்பக்கத்துச் சத்தம் இடது காதுக்கு ஒரு துளி முன்னால் போகும், கொஞ்சம் பலமாகவும் போகும். பிடரிக்குச் சற்று மேலே, மூளைத்தண்டில் இருக்கிற நரம்பு செல்கள் இரண்டு காதிலிருந்தும் வருகிற செய்தியை ஒப்பிட்டுத்தான் திசையைச் சொல்லும். நாய், பூனை, நாம், எல்லாருக்கும் இதே ஏற்பாடுதான். ஒரு காதுதான் செய்தி அனுப்புகிறது என்றால் அது எதோடு எதை ஒப்பிடும்? நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லி ஓய்ந்தும், அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரூம்புல எதிரொலி ஜாஸ்தி, டாக்டரம்மா."

நீலம் எங்கே?

எப்படியோ மல்லுக்கட்டி ஜோடியாக வாங்கவைத்தேன். வலதுக்குச் சிவப்புப் பொட்டு, இடதுக்கு நீலப் பொட்டு. ஒரு மாதம் கழித்து வந்தார். சிவப்பு மட்டும் இருக்கிறது. நீலம் எங்கே என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, வெட்கத்தோடு கூந்தலை ஒதுக்கிக் காட்டினார். நீலம் அவருடைய இடது காதில்!

அடப்பாவமே, மதினிக்கும் காது மந்தமாம், இதுவரை ஒரு பரிசோதனைகூடச் செய்ததில்லை. "உங்களுக்கும் டெஸ்ட் பண்ணி ஒரு ஜோடி போட்டுக்கலாம் மதினி" என்றேன். மதினிக்கு ஆசைதான், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். அண்ணாச்சி சிரித்தார்: "ஒரு டம்ளர் காப்பிய ஆளுக்குப் பாதி குடிக்கோம், இதுக்கு மட்டும் என்னவாம்?"

ஹாரன்

அந்தப் பேச்சுக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அப்போதே அந்த நீலத்தைப் பிடுங்கி மேஜையில் வைத்திருக்க வேண்டும். இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இரண்டு வாரத்தில், காய்கறி வாங்கப் போன மதினி ரோட்டைக் கடக்கும்போது வலப்பக்கமிருந்து ஒரு பைக் வந்திருக்கிறது. இடது காதில்தானே மிஷின்? சத்தம் இடப்பக்கம் என்று நினைத்து வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறார், நேரே பைக்குக்குக் குறுக்கே. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அடையாறில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தன் தப்பு மாதிரி சொன்னார்: "ஹாரன் நல்லா கேட்டுச்சும்மா, ஒதுங்கத்தான் செஞ்சேன்."

மேஜை மேல் இரண்டு

மூன்று மாதம் கழித்து அண்ணாச்சி தனியாக வந்தார். பாதியாக இளைத்திருந்தார். மதினி வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஹால் வரைக்கும்தான் நடக்கிறாராம். "அவளுக்குன்னு தனியா வாங்கிருவோம், டாக்டரம்மா. டெஸ்டுக்கு என்னைக்குக் கூட்டிட்டு வரட்டும்?" என்றார். இத்தனை அடிபட்ட பிறகாவது புத்தி வந்ததே என்று, புது ஜோடி ஒன்றை எடுத்து, வலது இடது இரண்டையும் மேஜை மேல் வைத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. நீலத்தை மட்டும் தன் பக்கம் வைத்துக்கொண்டு, சிவப்பை மெதுவாக என் பக்கம் தள்ளினார்: "ஒண்ணு போதும், இனிமே அவ எந்த ரோட்டைக் கடக்கப் போறா?"

தலைக்குக் காது இரண்டு என்று எண்ணிச் சொல்ல நாலு வருஷம் காலேஜில் படித்துவிட்டு வந்தேன். அதை நம்புகிற ஒரு ஆளைத்தான் இன்னும் பார்க்கவில்லை.