பாறையோடு அடித்த கும்மி

எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்த கடைசி வருஷங்கள். மயிலாடிப் பக்கம் ஒரு கோவில் கொடைத் திருவிழாவில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் கும்மிப் பாட்டு பாடப் போனோம். எதிரே பெரிய பாறை. நாங்கள் கை தட்டினால், எதிரொலி இரண்டு தட்டுக்கு நடுவே வந்து தாளத்தைக் குலைத்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இந்தப் பாறைகிட்ட என்னால பாட முடியாது."

"பாறை நவராதுட்டி. நாமதான் நவரணும்" என்றாள் தோழி தங்கம். தாளம் மாறாமல் தட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள். போகப்போக எதிரொலி பிந்தி வந்தது. ஓரிடத்தில் அது அடுத்த தட்டோடு சரியாகச் சேர்ந்தது. அங்கே பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்க தாளத்துக்கு எங்க அடுப்பத் தூக்கணுமாட்டி?" என்று ஓர் அக்கா ஏசினாள். ஏசிக்கொண்டே பானையையும் நகர்த்தினாள்.

கும்மி முடிந்ததும் அதே அக்கா எங்களுக்கு இலையில் பொங்கல் வைத்துவிட்டு, ஏழெட்டு இலையைத் தனியே எடுத்து வைத்தாள். யாருக்கென்று கேட்டேன்.

"பாறைக்கு அந்தப் பக்கம் கும்மியடிச்ச பிள்ளையளுக்கு" என்றாள், சிரிக்காமல்.

எனக்கு வாய்த்தவர் எதைக் கேட்டாலும் சற்றுப் பிந்தித்தான் பதில் சொல்வார். முதலில் சண்டை போட்டேன். இப்போதெல்லாம் கேட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய் நிற்கிறேன். பதில் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறது.