அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் எங்கள் பொருள் என்று தேடினால் ஒரு தயிர்க் கிண்ணமும் நாலு எலுமிச்சம்பழமும் தேறும். மீதியெல்லாம் ஊரார் சொத்து. காரணம் என் அண்ணி. கேட்டவர்களிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிறவி. ஒரே ஒரு நாளைக்கு என்று யார் எதை நீட்டினாலும் வாங்கி உள்ளே தள்ளி, கதவை இடுப்பால் முட்டிச் சாத்திவிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், அண்ணிக்கு வேலையே பேருந்து நிலையத்தில், தவறவிட்ட பொருட்களை வைத்திருக்கும் அறையில். அங்கே ஆளே வேறு. குடையைத் தேடி வருகிறவர் பிடியின் நிறத்தைச் சொல்ல வேண்டும், எந்தப் பேருந்தில் விட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு முறை தன் மேலதிகாரியையே, பைக்குள் என்ன இருந்தது என்று சொன்னால்தான் ஆச்சு என்று கால் மணி நேரம் நிற்க வைத்தவர். பதினெட்டு வருடத்தில் ஒரு பொருள்கூடத் தப்பான கைக்குப் போனதில்லை. அந்தக் கறாரெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடும்.

நானும் யோக்கியம் இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்ட நாத்தனார் நான். என் முகப்பூச்சு டப்பாக்களுக்கென்றே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வரிசையை வளைத்துப் போட்டிருந்தேன்.

இரண்டு மாதம் முன்பு வரை இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு விஷயம். அண்ணனுக்குச் சர்க்கரை. தினமும் சாயங்காலம் இன்சுலின் ஊசி, அண்ணியின் கையால். மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா தன் பூனைகளுக்கு வாங்கும் மீனை எங்களிடம்தான் கொடுத்து வைப்பார். அவர் ஃப்ரிட்ஜில் வைத்தால் வாடை வருமாம். அந்த மீன் பொட்டலங்கள் இடித்து இடித்து, இன்சுலின் டப்பா பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு உறைந்துபோனது. யாரும் கவனிக்கவில்லை. ஒரு தரம் உறைந்த மருந்துக்கு வீரியம் போய்விடும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. அண்ணி அதையே ஒரு வாரம் போட்டிருக்கிறார். அண்ணன் தான் வேலை செய்யும் அச்சகத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார்.

இரண்டு நாள் மருத்துவமனை. டாக்டர் விளக்கிச் சொன்னபோது அண்ணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அன்றோடு ஊசியைத் தொடுவதை விட்டார். "என் கையால வேணாம்" என்றார், அவ்வளவுதான். மருந்து தெருமுனை கிளினிக்கில் இருந்தது. அண்ணன் தினமும் அங்கே நடந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

போன வெள்ளிக்கிழமை கிளினிக்கில் கையை விரித்துவிட்டார்கள். புது மாதத்து மருந்தை இனி வீட்டில்தான் வைக்க வேண்டும், ஊசி போட வேண்டுமானால் தினமும் மருந்தைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். சனிக்கிழமை காலை அண்ணன் மருந்தை ஐஸ் பையில் வாங்கி வந்தார். பை சாயங்காலம் வரைதான் தாங்கும். அதை மேசையில் வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறக்காமலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணி அதைப் பார்த்தார். கைப்பையிலிருந்து நூல் கோத்த அட்டைச் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்தார். அலுவலகத்தில் குடைகளுக்குக் கட்டும் அதே சீட்டு. ஃப்ரிட்ஜின் ஸ்விட்சை அணைத்தார்.

கூடம் முழுக்கப் பழைய போர்வையை விரித்தார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எதிர்வீட்டு உடற்பயிற்சிக்காரரின் முட்டைகள். பக்கத்து வீட்டு ஆசிரியையின் அரை கேக். இரண்டாம் மாடிப் புகைப்படக்காரரின் பழைய ஃபிலிம் சுருள்கள். மூடியைத் திறக்கவே பயமாக இருந்த ஏழு டப்பாக்கள். எல்லாவற்றிலும் சீட்டைக் கட்டினார். மீன் பொட்டலங்களுக்கு மட்டும் வாளியில் ஐஸ் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லு. வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கணும். ரெண்டு மணிக்கு மேல குப்பைதான்" என்றார்.

முதலில் எல்லாரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வாசலில் பெஞ்சைக் குறுக்கே போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. முட்டைக்காரர் மூன்று டஜன் என்றார். எண்ணினால் முப்பத்தொன்று. அண்ணி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கேக் யாருடைய பிறந்தநாளுக்கு வாங்கியது என்று ஆசிரியைக்கே ஞாபகம் இல்லை. அது குப்பைக்குப் போனது. புகைப்படக்காரர் மட்டும் சுருள்களின் தேதியை ஒப்பித்து, பரீட்சையில் தேறியவர் போல வாங்கிப் போனார். எனக்கும் சலுகை கிடையாது. என் முகப்பூச்சு டப்பா ஒன்பதுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மணி தாண்டியும் வீட்டுக்கார அம்மா வரவில்லை. வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. மீனை மட்டும் எப்படியாவது விட்டு வைக்கலாமே என்று அண்ணியின் காதில் போட்டேன். அவர் ஃப்ரிட்ஜ் தட்டுகளை இன்னும் அழுத்தித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு அந்த அம்மா இறங்கி வந்தார். துடைத்துப் பளிச்சென்று இருந்த ஃப்ரிட்ஜை எட்டிப் பார்த்தார். நல்ல காரியம் பண்ணினாய் என்று பாராட்டிவிட்டு, "அந்தக் கீழ்த்தட்டு சும்மாதானே இருக்கு, மீன அதுல வெச்சிடும்மா" என்றார்.

அண்ணி எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. "சும்மா இருக்கட்டும்னுதாம்மா காலி பண்ணேன். இதால எங்க வீட்டுக்காரர் செத்துப் பொழச்சிருக்கார். இனிமே இதுல வெளிப் பொருள் எதுவும் வைக்க மாட்டேன்."

அந்த அம்மாவின் முகம் முதலில் சிவந்தது, பிறகு இறங்கியது. எனக்கு இது தெரியாதே என்று முணுமுணுத்தார். அண்ணி நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். அவரும் கையெழுத்துப் போட்டு, மூன்று பொட்டலங்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறினார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. பெருமையில் கண்ணே கலங்கிவிட்டது.

ஃப்ரிட்ஜ் மறுபடி ஓடி, நன்றாகக் குளிர்ந்த பிறகு, இன்சுலின் டப்பாவை நடுத்தட்டில், முன்பக்கமாக வைத்தார் அண்ணி. சுற்றி நாலு பக்கமும் வெற்றிடம். கதவு ஒற்றை விரலில் சாத்திக்கொண்டது.

ஆறு மணிக்கு அண்ணன் வழக்கம்போல எழுந்து, மருந்தைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

அண்ணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க, நான் போடறேன்."